மஞ்சள், மெழுகுவத்தி, நூலில் கட்டிய நட்டு: பள்ளிச் சோதனைகளை வீட்டில் திரும்பச் செய்ய ஒரு முழு வழிகாட்டி

பள்ளியில் அறிவியல் சோதனை நடக்கும் விதம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆசிரியர் மேசையில் பொருள்களை எடுத்து வைப்பார். பிள்ளைகள் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள். முன்னால் நிற்பவர்களுக்குச் சோதனை தெரியும், பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் தலை தெரியும். மணி அடிப்பதற்குள் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பவை, முடிவு என்று ஐந்து தலைப்பும் நோட்டில் ஏறியாக வேண்டும். முடிவு பெரும்பாலும் சோதனைக்கு முன்பே கரும்பலகையில் வந்துவிடும்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒரு பாடவேளை, ஒரு செட் பொருள்கள், வகுப்பு நிறையப் பிள்ளைகள். வேறு எப்படிச் செய்ய முடியும்? தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 2022இல் வானவில் மன்றம் தொடங்கியதற்குக் காரணமே பிள்ளைகள் கையால் செய்து பார்க்கட்டும் என்பதுதான். அப்படியும் நேரம் போதாது.

வீட்டில் மணி அடிக்காது. வீட்டுக்கு இருக்கும் ஒரே பெரிய வசதி அதுதான். பள்ளியில் ஒருமுறை பார்த்ததை இங்கே மூன்று முறை செய்யலாம், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றலாம். வெறுமனே அதே சோதனையைத் திரும்பச் செய்து அதே முடிவை எழுதினால், வேடிக்கை பார்த்த கணக்குத்தான். ஆகவே கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே விதி: முதலில் புத்தகத்தில் உள்ளபடி செய்யட்டும். அப்புறம் ஒன்றே ஒன்றை மாற்றிச் செய்யட்டும்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டு வேண்டும். ரெக்கார்டு நோட்டு வேண்டாம். அட்டை போட்டு, படம் வரைந்து, அழகாக எழுத வேண்டும் என்ற பயத்திலேயே பாதிப் பிள்ளைகள் பார்த்ததை எழுத மாட்டார்கள். பழைய நோட்டில் மீந்த பக்கங்கள் போதும். ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று வரி கட்டாயம்:

1. என்ன நடக்கும் என்று நினைக்கிறேன் (சோதனைக்கு முன், பேனாவால்).
2. என்ன செய்தேன், எவ்வளவு, எத்தனை முறை.
3. என்ன நடந்தது.

முதல் வரியைப் பேனாவால் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பென்சில் என்றால், முடிவு வந்ததும் அழித்துத் திருத்திவிடுவார்கள். நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று இரண்டும் பக்கத்தில் நிற்கும்போதுதான் "ஏன்?" என்ற கேள்வி தானாக வரும்.

பொருள்களுக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா ஒதுக்குங்கள். ஒரே அளவுள்ள இரண்டு மூன்று கண்ணாடி டம்ளர், ஓரம் உயர்ந்த தட்டு, அளவுகோல், நூல், பஞ்சு, ஸ்ட்ரா, மெழுகுவத்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் சொட்டு மருந்துக் குழல், செல்லோடேப். கடிகாரத்துக்கு அலைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். சோதனைக்கு எடுத்த டம்ளர் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. அடியில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் குழப்பம் வராது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பிளக் பாயின்ட்டில் இருந்து வரும் மின்சாரம் எந்தச் சோதனைக்கும் வேண்டாம், 1.5 வோல்ட் பேட்டரி செல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழிப்பறை கழுவும் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வரும். உப்புக் கரைசலில் பேட்டரி கம்பியை விட்டுக் குமிழி பார்க்கும் சோதனையிலும் குளோரின் வரும், அதையும் விட்டுவிடலாம். ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்த பாட்டிலை மூடி போட்டு இறுக்கினால் வெடிக்கும். பட்டாசு மருந்தைப் பிரிப்பது, வீடியோ பார்த்துவிட்டு ரசாயனம் வாங்கித் தீப்பிடிக்க வைப்பது எல்லாம் அறிவியல் கணக்கில் சேராது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பொத்தான் பேட்டரி கண்ணில் படவே கூடாது. விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும். தீ, வெந்நீர், சுண்ணாம்பு இந்த மூன்றும் வருகிற இடத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த அறையில் இருந்தால் போதாது.

முதல் சோதனை: மஞ்சள் தாள்

வெள்ளைச் சட்டையில் குழம்புக் கறை பட்டு, அதில் சோப்பு போட்டதும் சிவந்ததைப் பார்க்காத வீடு இருக்காது. ஆரத்தித் தட்டிலும் அதே கதைதான்: மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்ததும் சிவப்பாகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரத்தில் சிவக்கும். பள்ளியில் லிட்மஸ் தாளில் செய்ததை வீட்டில் மஞ்சளை வைத்தே செய்யலாம்.

அரை ஸ்பூன் மஞ்சள்தூளைக் கொஞ்சம் நீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளிறும். காய்ந்ததும் தூளைத் தட்டிவிட்டு விரல் அகல நாடாக்களாக வெட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு: சோப்புக் கரைசல், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், மோர், உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், ஆப்ப சோடா, வாஷிங் சோடா, ஷாம்பு, விறகுச் சாம்பல் கரைத்த நீர்.

சோப்பும் வாஷிங் சோடாவும் பளிச்சென்று சிவக்கும். ஆப்ப சோடா ஏமாற்றும். அது மென்மையான காரம் என்பதால் லேசான ஆரஞ்சோடு நின்றுவிடலாம். "எனக்கு வரலையே" என்று பிள்ளை சொன்னால் சோதனை தோற்றதாக நினைக்க வேண்டாம். எல்லாக் காரமும் ஒரே வலு இல்லை என்பது தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டாலும் தாள் மஞ்சள்தான், வெறும் தண்ணீர் விட்டாலும் மஞ்சள்தான். "நிறம் மாறவில்லை, எனவே அமிலம்" என்று பல நோட்டுகளில் எழுதியிருக்கும். தப்பு. மஞ்சள் தாளுக்கு அமிலத்தையும் நடுநிலையையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அப்படியானால் என்ன செய்வது என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஒரு வழி, தாளை முதலில் வாஷிங் சோடா கரைத்த நீரில் சிவக்க வைத்துவிட்டு அதன்மேல் எலுமிச்சையை விடுவது; பழைய மஞ்சள் திரும்பும், தண்ணீரில் அப்படித் திரும்பாது. இன்னொரு வழி செம்பருத்தி. நாலைந்து பூவின் இதழ்களை வெந்நீரில் போட்டு ஆறவிட்டு வடிகட்டினால் வரும் சாறு அமிலத்தில் ஆழ்ந்த இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். சங்குப்பூ கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் நீலச் சாறு எலுமிச்சையில் ஊதாவாகும். ஒரே பத்துப் பொருளை மஞ்சளிலும் பூச்சாறிலும் சோதித்து அட்டவணை போட்டால், ஒரு கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது பிள்ளைக்கே புரிந்துவிடும்.

சுண்ணாம்பு நீர்

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு கொண்டைக்கடலை அளவு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்க வையுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்கும் நீரைப் பெரியவர் மெதுவாக வேறு டம்ளரில் இறுத்துத் தர வேண்டும். நீற்றாத சுண்ணாம்புக் கல்லை வாங்கவே வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பும் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். தவறிப் பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்து, நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்ட்ராவால் மெதுவாக ஊத வேண்டும், உறிஞ்சவே கூடாது. இதை முதலில் வெறும் தண்ணீரில் பழக்கிவிட்டுப் பிறகு சுண்ணாம்பு நீரைக் கொடுங்கள். சற்று நேரத்தில் நீர் பால் போலாகும். மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து, கரையாத கால்சியம் கார்பனேட் ஆகிறது. பள்ளியில் சோதனை இத்தோடு முடிந்துவிடும். வீட்டில் அடுத்ததைக் கேளுங்கள்: இது மூச்சால்தான் வந்ததா, காற்றுக் குமிழி எதுவாக இருந்தாலும் வருமா? இன்னொரு டம்ளரில் பலூனுக்குக் காற்றடிக்கும் பம்பால் அதே அளவு காற்றை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 0.04 சதவீதம், நாம் விடும் மூச்சில் 4 சதவீதம் வரை. நூறு மடங்கு வித்தியாசம் டம்ளரில் தெரியாமல் போகுமா?

மூடாமல் வைத்த சுண்ணாம்பு நீரின் மேல் காலையில் மெல்லிய வெள்ளை ஆடை படிந்திருக்கும். யாரும் ஊதவில்லை. அறைக் காற்று செய்த வேலை அது. பிள்ளை அதை எடுத்து எறிவதற்குள் காட்டிவிடுங்கள்.

அயோடின்: சோறு, வாழைக்காய், நெல்லிக்காய்

காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் மருந்தை வெளிர்ந்த தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். சோறு, உருளைக்கிழங்குத் துண்டு, இட்லி ஆகியவற்றில் ஒரு சொட்டு விட்டால் கருநீலம். ஸ்டார்ச் இருப்பதற்கு அடையாளம். சர்க்கரையிலும் உப்பிலும் அந்த நிறம் வராது. சோதித்ததை வாயில் போடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இட்லி என்றால் சின்னவர்களுக்குக் கை தானாக வாய்க்குப் போகும்.

இதில் மாற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. எனக்குப் பிடித்தது வாழை. ஒரே சீப்பில் காயாக இருக்கும்போதே ஒரு பழத்தில் சின்னத் துண்டு வெட்டிச் சோதியுங்கள், மறுபடி இரண்டு நாள் கழித்து, மறுபடி நன்றாகப் பழுத்ததும். காயில் கருநீலம் அப்பிக்கொள்ளும். பழுக்கப் பழுக்க நீலம் குறைந்து திட்டுத் திட்டாகி, கடைசியில் மருந்தின் பழுப்பு மட்டும் மிஞ்சும். ஸ்டார்ச் சர்க்கரையாக மாறுவதை நாக்கு சொன்னது போக, இப்போது கண்ணும் சொல்கிறது. மூன்று நாளும் படம் எடுத்து வைத்தால் வரிசையாக அடுக்கிக் காட்டலாம்.

எச்சில் சோதனையும் எளிது. ஆறிய நீர்த்த கஞ்சியை இரண்டு டம்ளரில் சமமாக ஊற்றி, ஒன்றில் மட்டும் எச்சில் சேர்த்துக் கலக்கி, அரைமணி நேரம் கழித்து இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். எச்சில் சேர்த்ததில் நீலம் குறையும். நல்ல சூடான கஞ்சியில் எச்சிலைச் சேர்த்தால் இது நடக்காது. எச்சிலில் ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி (என்சைம்) இருக்கிறது, சூடு அதைக் கெடுத்துவிடும். ஏன் ஆறவைக்கச் சொன்னேன் என்று பிள்ளை கேட்டால் அதையே அடுத்த சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நெல்லிக்காய். கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டு நீலமாக்கிக்கொண்டு, நெல்லிச் சாறைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். நீலம் மறையும். வைட்டமின் சி அயோடினை நிறமற்றதாக மாற்றிவிடுகிறது. எத்தனை சொட்டில் மறைந்தது என்று எண்ணுங்கள். எலுமிச்சை, தக்காளி, கொய்யா என்று ஒவ்வொன்றையும் அதே அளவு கஞ்சி, அதே அளவு அயோடினில் செய்யுங்கள். குறைந்த சொட்டில் மறைய வைத்ததில் வைட்டமின் சி அதிகம். "அதே அளவு" என்பதை விட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை.

ஊசல்

செலவே இல்லாத சோதனை, ஆனால் அளக்கக் கற்றுக்கொடுப்பதில் இதற்கு இணை கிடையாது. நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். நூலின் நீளத்தை முடிச்சில் இருந்து நட்டின் நடு வரை அளக்க வேண்டும், நட்டின் மேல் விளிம்பு வரை அல்ல.

1. நீளத்தை 25 சென்டிமீட்டர் வையுங்கள்.
2. கொஞ்சமாக விலக்கி, தள்ளாமல் விடுங்கள்.
3. போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. 20 அலைவுக்கு ஆகும் நேரத்தை எடுங்கள்.
4. இதையே மூன்று முறை செய்து சராசரி காணுங்கள்.
5. நீளத்தை 50, 100 சென்டிமீட்டர் ஆக்கித் திரும்பச் செய்யுங்கள்.

என் அக்கா மகள் முதல்முறை செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன், இது எல்லா வீட்டிலும் நடக்கும். நட்டை விட்டதும் "ஒண்ணு" என்றாள், திரும்பி வந்ததும் "ரெண்டு". ஸ்டாப்வாட்ச் 19 வினாடியில் நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய தம்பி எண்ணியபோது 20 வந்தது. "நீ மெதுவா அமுக்கினே", "இல்லக்கா, நீதான் சீக்கிரம் அமுக்கினே" என்று சண்டை. மூன்றாம் முறை தம்பி பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணியபோதுதான் பிடிபட்டது. விடும்போது சுழி, திரும்பி வந்தால்தான் ஒன்று. அவள் எண்ணியது 19 அலைவு. அந்தச் சண்டையை நான் தீர்த்து வைத்திருந்தால் அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

25 சென்டிமீட்டரில் 20 அலைவுக்குச் சுமார் 20 வினாடி வரும். 50இல் 28 வினாடிக்குக் கொஞ்சம் மேல். 100இல் 40. நீளம் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்காகும் என்றுதான் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் முதல் வரியில் எழுதியிருப்பார்கள். நான்கு மடங்கு நீட்டினால்தான் நேரம் இரண்டு மடங்காகிறது. ஒற்றை அலைவை அளக்காமல் இருபதை அளப்பது ஏன்? ஸ்டாப்வாட்சை அமுக்கும் விரல் சில பத்தில் ஒரு வினாடி முன்பின் ஆகும். ஓர் அலைவில் அது பெரிய பிழை, இருபதில் கரைந்துவிடும்.

இப்போது மாற்றலாம். ஒரு நட்டுக்குப் பதில் இரண்டு நட்டு. இரண்டாவதை முதலாவதற்குக் கீழே தொங்கவிடக் கூடாது, பக்கத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும். கீழே கட்டினால் எடையோடு நீளமும் மாறிவிடும். ஒன்றை மட்டும் மாற்று என்ற விதி மீறப்படுவது இப்படிச் சத்தமில்லாமல்தான். சரியாகக் கட்டினால் நேரம் மாறாது. அடுத்து, விலக்கும் தூரம். கொஞ்சம் விலக்கினாலும் அதைவிடச் சற்று அதிகமாக விலக்கினாலும் நேரம் மாறாது என்று புத்தகம் சொல்லும். பைசா நகரத் தேவாலயத்தில் ஆடிய விளக்கைப் பார்த்துத் தன் நாடித்துடிப்பால் கலிலியோ இதைக் கண்டதாகக் கதை உண்டு. ஆனால் 60 டிகிரி வரை விலக்கிப் பாருங்கள். நேரம் கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடும். 20 வினாடி என்பது 21 தாண்டும். விலகல் பெரியது என்றால் காற்றில் சீக்கிரம் குறைந்துவிடும், எனவே இதற்கு மட்டும் ஐந்து ஐந்து அலைவாக எடுப்பது நல்லது. புத்தகத்தில் 'சிறிய விலகல்' என்று எழுதியிருப்பதன் காரணம் அப்போது விளங்கும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்கள் இந்த எண்களில் இருந்தே புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம். நீளத்தை மீட்டரிலும் ஓர் அலைவு நேரத்தை வினாடியிலும் எடுத்து, 39.5ஐ நீளத்தால் பெருக்கி நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஜன்னல் கம்பியும் நட்டும் வைத்து 9.8க்குப் பக்கத்தில் வந்தால் கையைக் குலுக்கலாம்.

மெழுகுவத்தியும் ஏறும் தண்ணீரும்

இந்தச் சோதனைக்குத்தான் நிறைய இடம் ஒதுக்க நினைத்தேன். பள்ளியில் எல்லோரும் பார்த்தது, எல்லோரும் ஒரே பதில் எழுதியது. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த டம்ளர். சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அது காலியாக்கிய இடத்தில் தண்ணீர் ஏறியது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்." பார்க்கக் கச்சிதமாக இருக்கும் பதில். வீட்டில் மூன்று முறை செய்தால் நிற்காது.

பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும், தலைமுடியைக் கட்டிக்கொள்ளட்டும், மின்விசிறியை நிறுத்துங்கள். தட்டின் நடுவில் மெழுகை உருக்கி விட்டு மெழுகுவத்தியை நிறுத்துங்கள். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு மை கலந்தால் நன்றாகத் தெரியும். டம்ளரில் அளவுகோல் வைத்து சென்டிமீட்டர் கோடுகளை மார்க்கர் பேனாவால் போட்டுக்கொள்ளுங்கள். பற்றவைத்து, சுடர் நிலையானதும் டம்ளரை நேராக, நிதானமாகக் கவிழ்க்க வேண்டும்.

இப்போது எல்லோரும் சுடரைப் பார்ப்பார்கள். தண்ணீரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கவிழ்த்ததும் டம்ளரின் விளிம்பில் இருந்து சில குமிழிகள் வெளியே வரலாம். சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறாது. சுடர் சிறுத்து அணைந்த பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஏறும். டம்ளரின் உள்சுவரில் ஆவி படிந்து மங்கும். ஆக்சிஜன் தீர்வதால்தான் ஏறுகிறது என்றால் எரிந்துகொண்டிருக்கும்போதே படிப்படியாக ஏற வேண்டாமா? ஏன் அணையும்வரை காத்திருக்கிறது? இந்தக் கேள்வியைப் பிள்ளையே கேட்டால் அன்றைக்கு அதுவே போதும். கேட்கவில்லை என்றால் திரும்பச் செய்து, படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து, ஒரு மெழுகுவத்தி இருந்த இடத்தில் மூன்று. டம்ளர் அதே டம்ளர், தண்ணீர் அதே அளவு. டம்ளருக்குள் இருக்கும் காற்று அதேதான், ஆக்சிஜனும் அதேதான். புத்தக விடை சரி என்றால் தண்ணீர் அதே கோட்டில் நிற்க வேண்டும். நிற்காது, அதிகமாக ஏறும். சின்ன மெழுகுவத்திகளாக ஒரே உயரத்தில் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, மெழுகுவத்தியே இல்லாமல். டம்ளரைக் குளிக்கிற சூட்டில் உள்ள வெந்நீரால் உள்ளே நன்றாக அலசி (கொதிநீர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும்), நீரைக் கொட்டிவிட்டு உடனே தட்டில் கவிழ்த்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிறிதளவு ஏறும். எதுவும் எரியவில்லை.

மூன்றையும் சேர்த்தால் விடை வெளிப்படும். சுடரின் சூட்டில் காற்று விரிகிறது. கவிழ்க்கும்போதே டம்ளருக்குள் இருப்பது சூடான, விரிந்த காற்று. மிச்சம் குமிழியாக வெளியே போகிறது. சுடர் அணைந்ததும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவி படிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜனுக்கும் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. மெழுகுவத்தி எல்லா ஆக்சிஜனையும் தீர்ப்பதில்லை. 21 சதவீதம் சுமார் 16க்கு இறங்கியதுமே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வந்து இடத்தில் பெரும்பகுதியை நிரப்பியும் விடுகிறது.

ஐந்தில் ஒரு பங்கு ஏறியது என்று வகுப்பில் சொன்னது பொய்யா என்றால், சில டம்ளர்களில் தற்செயலாக அந்த அளவு வரலாம். அதுதான் ஆபத்து. சரியான எண்ணைத் தவறான காரணத்தோடு கட்டிவிட்டால் யாரும் மறுபடி சந்தேகப்பட மாட்டார்கள். இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆறு உரைகள் நிகழ்த்தினார். ஆறும் மெழுகுவத்தியைப் பற்றித்தான். ஒரு மெழுகுவத்தியில் அவ்வளவு இருக்கிறது.

முளைப்பயறு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நான்கு டம்ளரில் பஞ்சு, ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு. ஒன்று ஈரம், வெளிச்சம். ஒன்று ஈரம், இருட்டு அலமாரி. ஒன்று காய்ந்த பஞ்சு. ஒன்றில் பயறு முழுக்க மூழ்கத் தண்ணீர். ஏன் ஒரு பயறு வைக்காமல் பத்து? ஒரு விதை சொத்தையாக இருந்தால் முடிவே மாறிவிடும்.

ஒரு வாரம் கழித்து இருட்டில் வைத்ததுதான் உயரமாக இருக்கும். "இருட்டில்தான் செடி நல்லா வளரும்" என்று பிள்ளை எழுதினால் அதை அடித்துத் திருத்த வேண்டாம். அளவுகோலை நம்பி எழுதியது நேர்மையான முடிவுதான். இலையின் நிறம், தண்டின் தடிமன், நிமிர்ந்து நிற்கிறதா என்று இன்னும் மூன்று பத்தி அட்டவணையில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளுத்து, சோர்ந்து, ஒளியைத் தேடி நீண்ட தண்டு அது என்பதை அட்டவணையே சொல்லும்.

வரவில்லை என்றால்

வராத சோதனைதான் அதிகம் கற்றுக்கொடுக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். வராததை அப்படியே விட்டால் ஒன்றும் கற்றுக்கொடுக்காது. பட்டியல் போட வேண்டும்: எந்தப் பொருள் பழசு, எந்த அளவு மாறியது, எதை அவசரப்பட்டோம். அயோடின் நிறம் காட்டவில்லை என்றால் மருந்தை ஒரு பருக்கைச் சோற்றில் விட்டுப் பாருங்கள். சோற்றில் நீலம் வந்தால் மருந்து நன்றாக இருக்கிறது, குறை வேறெங்கோ. தெரிந்த ஒன்றில் முதலில் சோதித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் ஆய்வுக்கூடங்களில் தினமும் நடப்பது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஏன்ப்பா இப்படி ஆச்சு?" என்று கேட்டதும் விடையைச் சொல்லிவிடாதீர்கள், அலைபேசியிலும் தேடாதீர்கள். "எதை மாத்திப் பார்த்தா தெரியும்னு நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள். உங்களுக்கே விடை தெரியவில்லை என்றால் இன்னும் நல்லது, நடிக்க வேண்டியதில்லை.

பள்ளிக்குத் திரும்பும்போது

மெழுகுவத்திச் சோதனையை வீட்டில் இப்படிச் செய்த பிள்ளை, தேர்வுத்தாளில் என்ன எழுதும்? இது நடைமுறைச் சிக்கல், தட்டிக்கழிக்க முடியாது. மதிப்பெண் பாடநூல் விடைக்கு. தேர்வில் பாடநூல் சொல்வதை எழுதிவிட்டு, தன் அட்டவணையைத் தனியாக ஆசிரியரிடம் காட்டட்டும். "சார், நீங்கள் சொன்னது தவறு" என்று தொடங்க வேண்டாம். "சார், ஒரு மெழுகுவத்தியில் இவ்வளவு ஏறியது, மூன்றில் இவ்வளவு ஏறியது, ஏன் சார்?" என்று கேட்டால் போதும். பல ஆசிரியர்கள் அன்றைக்கே மேசையில் மூன்று மெழுகுவத்தியை ஏற்றிவிடுவார்கள். சிலர் "பாடத்தைப் படி" என்பார்கள். அப்போது அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருந்து, தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, பள்ளி அறிவியல் கண்காட்சி போன்ற இடங்களுக்கு எடுத்துப் போகலாம். அங்கே எரிமலை மாதிரிகளும் சூரியக் குடும்ப உருண்டைகளும் வரிசையாக நிற்கும். பேனாவால் எழுதிய கணிப்பு, மூன்று முறை எடுத்த அளவு, பொருந்தாத எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி என்று ஒரு பழைய நோட்டு அதன் நடுவில் இருந்தால், நடுவர் அதைக் கையில் எடுத்துப் புரட்டாமல் போவது அரிது.